வின்னி அங்கிள் கடைசியாகக் கேட்டது

தக்காளி இலையைக் கசக்கினால் கையில் ஏறும் அந்தப் பச்சை வாசம் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, லண்டன் ஆர்ச்வேயில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலி ஒன்றுதான் இருந்தது. வேலிக்கு அப்பால், மனைவியின் பழைய காலுறைகளைக் கிழித்துத் தக்காளிக் கன்றுகளைத் தடியோடு கட்டிக்கொண்டு நிற்பார் வின்னி அங்கிள். இத்தாலியத் தாய் தகப்பனுக்கு அமெரிக்காவில் பிறந்து, அமெரிக்கப் படையில் சேர்ந்து இரண்டாம் உலகச் சண்டைக்கு வந்து, ஒரு லண்டன்காரியைக் கலியாணம் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். சண்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். நவம்பரில் வாணவெடிகள் தொடங்கும்போது மட்டும் அவர் வீட்டு டிவியும் எங்கள் வீட்டு டிவியும் ஒன்றாகச் சத்தம் கூடும். "பாவம், அந்த மனுசனும் எங்களை மாதிரித்தான், வெடிச்சத்தம் ஏலாது" என்பார் அம்மா.

படுக்கையில் விழுந்த மனைவியைச் சாகும்வரை தானே குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிப் பார்த்தவர் அவர். அமெரிக்காவுக்குப் போய்விட்ட ஒரே மகள் லிண்டாவோடு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவதற்குக்கூட ஷேர்ட்டை 'அயர்ன் பண்ணி'ப் போட்டுக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர், தன் தாயின் ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லையும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பேச்சுக்காகப் பள்ளியிலும் படையிலும் தான் பட்ட கேலி அவளுக்கு வேண்டாம் என்று நினைத்தாராம். எனக்கு மட்டும் நாலைந்து சொற்கள், எல்லாம் சாப்பாட்டுச் சொற்கள், சொல்லித்தந்தார். நான் அவற்றைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிவைத்தேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என் பாஷை முழுக்கத் தெரியும்" என்று லிண்டாவிடம் புளுகியும் வைத்தார்.

மொழிபெயர்ப்பு எனக்குப் புதிதல்ல. கவுன்சில் கடிதமோ டொக்டரோ, எதற்கும் அம்மாவுக்கு நான்தான் வாய். "பிள்ளை, என்ன சொல்லினம் எண்டு வடிவாக் கேட்டுச் சொல்லு" என்பார். விளங்காத இடத்தில் பொருத்தமாக எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். விளங்கவில்லை என்றால் அம்மாவின் முகம் விழுந்துவிடும், அதைப் பார்க்க எனக்கு ஏலாது. எங்களைப் போலச் சண்டைக்குத் தப்பி வந்த வீடுகளில் மூத்த பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கள்ளப் பழக்கம் இருந்தது.

அந்தக் கோடையில் வின்னி அங்கிளுக்கு 'ஸ்ட்ரோக்' வந்தது. அதோடு ஆங்கிலம் முழுவதும் போய், தாயின் பேச்சு மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் இருந்த இத்தாலிய நேர்ஸுக்கே அது பிடிபடவில்லை. லிண்டா பறந்து வந்தார். அம்மாவும் நானும் ஒரு பின்னேரம் பார்க்கப் போனபோது, அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பா என்ன சொல்கிறார்?" என்று லிண்டா என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"நீ சாப்பிட்டியா என்று கேட்கிறார்" என்றேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் கேட்பது அதுதானே!

லிண்டா உடைந்து அழுதார். "சாப்பிட்டேன் அப்பா, சாப்பிட்டேன்" என்றார். அங்கிள் இல்லையென்று தலையை ஆட்டினார். அதே வசனத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார். கண்ணீர் காதுவரை வழிந்தது. மகள் நம்பவைக்கப் பார்த்து மறுபடி மறுபடி "சாப்பிட்டேன்" என்றார். ஐயோ, நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை அங்கிள் கண்ணை மூடிவிட்டார்.

அன்று ஆஸ்பத்திரியால் திரும்பும்போதே பஸ்ஸில் அம்மா கேட்டிருந்தார்: "உனக்கு உண்மையாவே விளங்கினதோ?"

"ஓம்" என்றேன். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில், அவர் சொன்னதைக் காதில் விழுந்தபடியே எழுதினேன்.

இப்போது அந்த வேலி இல்லை. தக்காளி நின்ற இடத்தில் சீமெந்து போட்டுக் குப்பைத்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். அம்மாவும் இல்லை. வளர்ந்த பிறகு அந்த ஓசைகளை எத்தனையோ இத்தாலியர்களிடம் சொல்லிக் கேட்டேன். ஏதோ மலைக்கிராமத்துப் பேச்சு போல, தெரியாது என்றார்கள். தண்ணீர் கேட்டாரோ, எங்கேயோ நோகிறது என்றாரோ.

போன வருஷம் லிண்டாவிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் பக்கத்துப் பூங்காவில் அப்பாவின் பெயரில் ஒரு மர வாங்கு போடப்போகிறாராம். உட்கார வருபவர்கள் பார்க்க, "நீ சாப்பிட்டியா?" என்ற அவருடைய கடைசிச் சொல்லைப் பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டுமாம். அதற்குக் கீழே அதை அப்பாவின் பாஷையிலும் போட விரும்புகிறார். "உனக்கு மட்டும்தானே தெரியும், எழுதி அனுப்பு" என்று கேட்டிருந்தார்.

எண்பதை நெருங்கும் மனுசி. இனி என்னத்தைச் சொல்வது? மூன்று கிழமை அந்தக் கடிதம் மேசையில் கிடந்தது. பிறகு கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்ததை ஆங்கில எழுத்தில் பார்த்து எழுதி அனுப்பினேன்.

வாங்கு வந்துவிட்டது. தகட்டின் மேல்வரி நான் சொன்னது, கீழ்வரி அவர் கேட்டது. அந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்த யாராவது ஒருநாள் அங்கே வந்து உட்கார்ந்தால், வின்னி அங்கிள் கேட்டது என்னவென்று அவருக்கு விளங்கிவிடும். கேட்டதைக் கொடுப்பதற்குத்தான் அங்கிள் இல்லை.