தொட்டுவிட்டு வா

ஆறாம் வகுப்புக்கு ‘டச்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை நடத்த ஒரு பீரியடே அதிகம் என்று நினைத்திருந்தேன். டச், டச்டு, டச்டு. ‘கோ’ மாதிரி பாதியில் ஆளே மாறிப்போகிற வினை இல்லை. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. பலகையில் ‘தொடு’ என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

“எங்க அக்கா போன்ல டச் வேலை செய்யல மிஸ்.”

“லீவுல கணக்கு டச் விட்டுப்போச்சு மிஸ்.”

“எங்க சித்தப்பா வெளிநாடு போனதுல இருந்து டச்லயே இல்ல மிஸ்.”

முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்த படம் ரொம்ப டச்சிங்காக இருந்ததாகவும், அதைப் பார்த்து அவள் அம்மா மூக்கைச் சிந்தியதாகவும் சொன்னாள். ஒருவர் வாயிலும் முழுசாக ஓர் ஆங்கில வாக்கியம் வரவில்லை. ஆனால் எல்லாரும் அந்தச் சொல்லை இருக்க வேண்டிய இடத்தில்தான் வைத்தார்கள். ஆங்கில டீச்சராக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

கடைசியாக எழுந்தவள் மெதுவாகப் பேசுகிற பிள்ளை. “மருந்து ரூமுக்குள்ள போகும்போது டச் பண்ணிட்டுத்தான் போகணும் மிஸ். எங்க அப்பா சொல்லுவாக.”

பாதி வகுப்பு தலையாட்டியது. ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் வீட்டிலாவது ஒருவர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

என் கணவருக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கிற வேலை. அந்த அறையின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற துளி மின்சாரத்தையும் அதில் உள்ளங்கையை வைத்து இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறந்து போனால் ஒரு பொறி போதும். மீதியை இந்தப் பக்கத்து ஆட்களிடம் விளக்க வேண்டியதில்லை. “ஏலே, டச் பண்ணிட்டியாலே?” என்று உள்ளே இருப்பவர் கேட்பார். “பண்ணிட்டேன்” என்ற பிறகுதான் அடுத்த பேச்சு.

பத்து வருடமாக அப்படித் தொட்டுப் பழகிய கைக்கு, எது கம்பெனி வாசல், எது கல்யாண மண்டப வாசல் என்ற வித்தியாசம் தெரியாது. பேங்கில் நுழையும்போது ஷட்டர் கம்பியைத் தொடுவார். கோயிலில் இரும்புக் கிராதியைத் தொடுவார். பார்ப்பவர்களுக்குப் பக்திமானாகத் தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கிரில் கேட்டில் உள்ளங்கையை அழுத்தி ஒரு நொடி நின்றார். “கம்பி நல்ல கனமான கம்பிதான் மாப்ள, தைரியமா உள்ள வாங்க” என்றார் என் தாய்மாமா. கூடம் முழுக்கச் சிரித்தது. இவர் காது சிவந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. உள்ளே வருவதற்கு முன் இவ்வளவு யோசிக்கிற ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. நான் பள்ளிக்குப் போனால் பக்கத்து வீட்டு மதினி பார்த்துக்கொள்வார். நாலரைக்கு நான் வந்து தூக்கி வருவேன். ஐந்து மணிக்கு இவர் பைக் சத்தம் கேட்கும். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அவள் விழுந்தடித்து வாசலுக்கு ஓடுவாள்.

இவர் வந்து நிற்கும் கோலத்தைச் சொல்ல வேண்டும். தலைமுடி, புருவம், காதுமடல், கைகால் எல்லாம் அலுமினியப் பவுடர் பூசி வெள்ளியாக மினுங்கும். கம்பெனியிலேயே கழுவிவிட்டுத்தான் வருகிறார். அப்படியும் இந்த அழகு. பிள்ளை கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, “தொடாத! தொடாத!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். அவள் நின்று, உதடு பிதுங்கி, ஓவென்று அழுவாள்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு சீசன் முழுக்க இதே கதை. பிறகு அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். பைக் சத்தம் கேட்டால் என் காலுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள். அவர் குளித்து, பவுடர் வாசம் போகத் தேய்த்து, துவைத்த கைலியோடு வந்து கையை நீட்டினாலும் போக மாட்டாள். மதினியின் கணவரிடம் தாவுவாள், பால்காரரிடம் தாவுவாள், பெற்ற அப்பனிடம் மட்டும் மாட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் தெருக்காரர்களைப் பார்த்து ஒரு காலத்தில் ஊர் சொன்ன ‘தொடாதே’ ஒன்று உண்டு. அதை நான் மறந்தவள் இல்லை. அந்தச் சொல் என் வீட்டு வாசலிலேயே தினமும் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“அதென்ன மாமா, பிள்ளைகிட்ட அப்படிக் கத்துறீக? மெதுவாச் சொன்னா என்ன?”

“மெதுவாச் சொல்லி, அதுக்குள்ள அவ தொட்டு, அந்தக் கைய வாயில வச்சுட்டா என்ன செய்வ டீச்சரு?”

“அதுக்காக இப்படியா? பிள்ளை உங்களப் பாத்தாலே பயப்படுது.”

அவர் தன் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டே, “எங்கிட்ட வரவே மாட்டாளோ?” என்றார். சண்டை போடத் தயாராக வந்தவளுக்கு அவர் மேல் பாவமாகிப் போனது.

வகுப்பில் ‘டச்’ நடத்திய அதே வாரம்தான் இது நடந்தது. ஐந்து மணி. அடுப்பில் டீ வைத்திருந்தேன். பைக் சத்தம் கேட்டது. அவர் வழக்கம்போலக் கிரில் கேட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டு உள்ளே வந்தார். பாப்பா என் காலை விட்டு நகர்ந்தாள். அவர் உடனே கையைத் தூக்கிவிட்டார். ஆனால் அன்று கத்தவில்லை. “தொடாதம்மா” என்றார், கெஞ்சுகிற மாதிரி.

அவள் நின்றாள். அழவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்து போனாள். கேட்டின் கீழ்க் கம்பியில், அவர் வைப்பதுபோலவே உள்ளங்கையை விரித்து அழுத்தினாள். திரும்பி வந்து அவர் முன்னால் நின்று, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினாள். இத்தனை நாள் அவள் எதைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைத் தொட்டுவிட்டு வந்தால் உள்ளே விடுவார்கள். அவளும் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள். இனி என்ன தடை?

அவர் ஒரு எட்டு பின்னால் போனார். போகத்தான் வேண்டும், உடம்பெல்லாம் பவுடர். அவள் உதடு பிதுங்கத் தொடங்கியது.

“இரு தாயி, அங்கனயே இரு, இந்தா வந்துட்டேன்” என்று பின்பக்கக் குழாயடிக்கு ஓடினார். வாளி உருளும் சத்தம் கேட்டது. அவ்வளவு வேகமாக அவர் குளித்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு அழுத்தித் தேய்த்தும் பார்த்ததில்லை. அவள் நீட்டிய கையை இறக்காமல் அங்கேயே நின்றாள். நான் தூக்கப் போனேன், என்னைத் தள்ளிவிட்டாள்.

தலை சொட்டச் சொட்ட வந்தார். நேராகப் பிள்ளையிடம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அவளைத் தாண்டி வாசலுக்குப் போனார். அவள் பார்க்கும்படி, கேட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

“டச் பண்ணிட்டேன் தாயி” என்றார்.

அவள் போனாள். ஈரத் தோளில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று அழுதேன்.