கருங்கல்லில் ஒரு டை

எங்கள் மலையூர் நாரினில் ஆடு மேய்த்துச் செத்தவனும் கல்லறைக் கல்லில் கோட்டு, டையோடுதான் நிற்பான். உயிரோடு இருந்தவரை கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருக்க மாட்டான். செத்ததும் படக்கடைக்காரன் தலையை மட்டும் வெட்டி ஒரு கோட்டின்மேல் ஒட்டிக் கொடுப்பான். கல்தச்சன் அதை அப்படியே செதுக்கிவிடுவான். இடுகாட்டில் பாதிப் பேருக்கு ஒரே கோட்டு!

குல்சினா அக்கா மட்டும் ஒட்ட மாட்டாள். சந்தையில் என் தொப்பிக்கடைக்கு அடுத்த அறைதான் அவளுடைய ஸ்டுடியோ. "சிரிங்க" என்று சொல்லும் வழக்கமே கிடையாது. வந்தவரை வம்புக்கு இழுப்பாள். அவர் கொதித்து வாயைத் திறந்ததும் கிளிக். காசும் கொடுத்துத் திட்டும் வாங்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சந்தைத் தலைவர் ஷைர்பெக்கின் அப்பா, மேய்ப்பர் மொல்தோகாசி, இறந்துபோனார். அவருக்கு இருந்த ஒரே படம் அக்கா எடுத்தது. அதில் இரண்டே பல் தெரிய நாயைத் திட்டிக்கொண்டிருப்பார்.

"வாயை மூடி, டை போட்டுக் குடு. அப்பா செத்த முதல் வருஷ விருந்துக்குக் கல்லு நிக்கணும்" என்றார் ஷைர்பெக்.

"டையைப் பாத்திருந்தா உங்கப்பா அதுல ஆட்டைக் கட்டியிருப்பாரு, தம்பி."

"திமிரா? விருந்தன்னிக்கே உன் ரூமைப் பூட்டறேன்."

அவளுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பில்லை. "ஒரு டைதானேக்கா, ஒட்டித் தொலையேன்" என்று கெஞ்சினேன்.

"நீ தொப்பிக்கு ஏத்த மாதிரி மண்டையைச் செதுக்குவியா? போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

ஷைர்பெக் தன்னிடமிருந்த பிரதியைக் கொடுத்து வேறு கடையில் டை ஒட்டி வாங்கிக்கொண்டார். விருந்தன்று குதிரை அறுத்தார்கள், பெரிய மனிதர்கள் வந்தார்கள். இடுகாட்டுக்கு ஏற்றுமுன் கல்லை முற்றத்தில் நிறுத்தித் துணியை விலக்கினார்கள். ஒப்பாரி வைக்க எழுந்த ஷைர்பெக்கின் அம்மா சுயும்கான், கல்லைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"யாருடா இந்தாளு?"

"அப்பாதாம்மா."

"வேத்து ஆம்பளை முன்னாடி நான் ஒப்பாரி வைக்கணுமா? வெக்கங்கெட்டவனே!"

விறுவிறுவென்று சந்தைக்கு நடந்தாள். பெண்கள் கூட்டம் பின்னாலேயே போனது. அக்காவின் ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்த மொல்தோகாசி படத்தின் முன் உட்கார்ந்து, அந்த இரண்டு பல்லைப் பார்த்து ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஷைர்பெக் பூட்டோடு வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"எந்திரிம்மா, ஊரே சிரிக்குது. இந்த ரூமை நான் பூட்டணும்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாராளமாப் பூட்டிட்டுப் போ. நான் என் புருசனோட உள்ள இருக்கேன். நீ போயி அந்தக் கோட்டுக்காரனை அப்பான்னு கூப்பிட்டுக்கோ."