நெய்த சைக்கிள்

களியக்காவிளை தாண்டியதும் ஏற்றம். பழைய சைக்கிள் என்றால் இறங்கி உருட்டியிருப்பேன். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த இந்தக் கார்பன் சைக்கிளோ, மிதித்தவுடன் என்னை முந்திக்கொண்டு கிளம்புகிறது. சத்தமே இல்லை. இரண்டு விரலில் தூக்கிவிடலாம், பயமும் அதுதான். எல்லைச் சோதனைச்சாவடியில் ஒரு லாரிக்காரர் சட்டத்தைத் தட்டி, "பிளாஸ்டிக்கா?" என்று சிரித்ததிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் என் கை பிரேக்குக்குப் போகிறது.

உதியன்குளங்கரை டீக்கடையில் நிறுத்துகிறேன். பாலராமபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நெசவாளி ஒருவர், நூல்கட்டைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளருகே குனிகிறார். விலை கேட்கவில்லை. மினுங்கும் கறுப்புச் சட்டத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறார். உதடு அசைகிறது; எண்ணுகிறார்.

"பிளாஸ்டிக்கா அண்ணாச்சி?" என்கிறேன்.

"ஆரு சொன்னது? நெய்த துணியாக்கும் மக்கா. பாரு, ரெண்டு இழை மேல, ரெண்டு இழை கீழ. மேல பசை போட்டு இறுக்கியிருக்கு."

உற்றுப் பார்க்கிறேன். நேற்றுப் பெட்டியைப் பிரித்ததிலிருந்து நாலு தடவை துடைத்தும் கண்ணில் படாத சாய்கோடுகள் பட்டுப்போல ஓடுகின்றன.

சீட்டுக்குக் கீழே நகம் நிற்கிறது. "துணியச் சேத்த இடம் இஞ்ச உண்டு. ஒரு இழை பிசகல்ல. இது ஒடியாது. ஆரு நெய்தது?"

"அமெரிக்காவுல யாரோ."

"ஆராயாலும் கைத்தெளிவு உள்ள ஆளாக்கும்."

தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அமெரிக்கரை அவர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார். மெஷின் நெய்திருக்கும் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆளை நம்பித்தான், அமரவிளை இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் போகிறேன்.