ஊட்டுகிற கை

பின்னங்கால் இரண்டையும் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் லலிதாம்பாள் பூச்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவாள். இல்லாவிட்டால் அது துள்ளிப்போய் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமாம். குழந்தை தேடித் தவித்துவிடுமாம். அதற்கு முன்னால் ஒரு டப்பாவில் கால்சியம் பொடியைக் கொட்டி, பூச்சியையும் உள்ளே போட்டு மூடி, மெல்லக் குலுக்குவாள். திறந்தால் பூச்சி மேலெல்லாம் வெள்ளைப் பூச்சோடு திகைத்து நிற்கும்.

“விபூதி இட்டாச்சு. போயிட்டு வா,” என்பாள் அதனிடம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை வழியனுப்புகிற குரல். சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் சௌந்தரராஜனுக்கு அந்தக் குரலைக் கேட்டால் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்துபோகும்.

பூச்சி என்றால் கிரிக்கெட் பூச்சி. சுவர்க்கோழி என்போமே, அது. குழந்தை என்றால் பியர்டட் டிராகன் என்கிற ஆஸ்திரேலிய ஓணான். மணல் நிறம். தாடையைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற குட்டி. ஹைதராபாத் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலையிலிருந்த மகன் வெங்கட் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய சூட்டோடு கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டது. பெட்டியும் விளக்கும் குட்டியுமாகப் போலாரத்தில் அம்மா வீட்டுக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு அவன் விமானம் ஏறினான்.

லலிதாம்பாள் கும்பகோணத்துப் பெண். பாதுகாப்புத் துறை ஆபீசில் வேலை பார்த்த சௌந்தரராஜனைக் கைப்பிடித்து ஹைதராபாத்துக்கு வந்தவள். அவர்கள் வீட்டில் கொசு பேட் கிடையாது. குளியலறையில் கரப்பான் வந்தால் பழைய காலண்டர் தாளில் ஏந்திக்கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடிக்கடியில் விடுவாள். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் டப்பாவை வெயிலில் வைத்துவிட்டு, அவை இறங்கிப் போகும்வரை கசப்புக் காப்பி குடிப்பாள். “அதுக்கும் பசின்னு ஒண்ணு இருக்கோன்னோ,” என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் இந்தக் குட்டி வந்து சேர்ந்தது. கீரையும் போடணும், உயிருள்ள பூச்சியும் போடணும் என்று மகன் போனில் படித்துப் படித்துச் சொன்னான். “சரிடா, சரிடா,” என்று கேட்டுக்கொண்டவள் போனை வைத்ததும் கணவரிடம் சொன்னாள்: “நம்மாத்துக்கு வந்துட்டான்னா நம்மாத்துச் சாப்பாடுதான். பழகிப்பான்.” முருங்கைக்கீரை, தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கிய தோட்டகூரக் கீரை, துருவிய பூசணி. ஏகாதசி வந்தால் அதற்கும் வெறும் தண்ணீர்தான். விளக்கடியில் கண்ணை மூடிக்கிடந்த குட்டியைக் காட்டி, “பாருங்கோ, எத்தனை சாத்வீகமா இருக்கான்,” என்று பூரித்துப்போனாள்.

அது சாத்வீகம் இல்லை, பட்டினி என்று புரிந்தபோது குட்டியின் வால் தொடங்கும் இடத்தில் எலும்பு முட்டிக்கொண்டு நின்றது. நடந்தால் கால்கள் வெடவெடத்தன. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. துண்டில் சுற்றி ஆட்டோவில் பேகம்பேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே மிருக டாக்டர் நஸ்ரின் கீரைக் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நக்கோ ஆன்ட்டி, நக்கோ. கீரை மட்டும் வேண்டாம். பெரிசானா கீரை நல்லாத் திங்கும். இப்ப இது பச்சா. பச்சாவுக்கு ஓடுறது வேணும், உயிரோட. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா நீங்க இவ்வளவு தூரம் ஆட்டோ பிடிச்சு வர வேண்டாம்.”

வழி முழுக்க லலிதாம்பாள் மடியில் கிடந்த துண்டுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே வந்தாள். போலாரம் திருப்பத்தில் மட்டும், “நான்னா கொன்னுண்டிருந்திருக்கேன்,” என்றாள்.

முதல் பூச்சியைப் போட்ட அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ராமா ராமா” என்று கையை விரித்தாள். பெட்டிக்குள் ‘கறுக்’ என்று ஒரு சத்தம், அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி. ஓடிப்போய்த் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டாள். ஈரத்தலையோடு சுவாமி முன்னால் உட்கார்ந்து அழுதாள். சௌந்தரராஜனுக்கே பாவமாக இருந்தது. “விடு லலிதா, வைத்தியம்னு நினைச்சுக்கோ,” என்று தேற்றினார்.

கொஞ்ச நாள் ஒவ்வொரு வேளைக்கும் தலைக்குளியல் நடந்தது. பிறகு கை கால் அலம்பினால் போதும் என்றானது. கண்ணை மூடுவது நின்றது. குனிந்து பார்க்கத் தொடங்கினாள். குட்டி தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பூச்சியை அளக்கும். அசையாது. அவளும் அசையமாட்டாள். அந்த நேரத்தில் கூடத்தில் காற்றுகூட நின்றுவிட்டது போலிருக்கும். ஸ்டோர் ரூமில் பிளாஸ்டிக் தொட்டி நிறையச் சுவர்க்கோழிகள் கத்திக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு நாக்கு நீளும். ‘கறுக்.’ லலிதாம்பாளின் தாடையும் கூடவே ஒருமுறை அசையும்.

குட்டி தேறியது. இப்போதெல்லாம் பூச்சியை இரண்டு விரலில் நீட்டிப் பிடித்து, அது எட்டப்போகும் சமயத்தில் கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பாள்; அது பாய்ந்து வந்து கவ்வும். தாடி பளபளத்தது. அதன் தேறுதலோடு கூடவே மனைவியிடம் ஏதோ மாறிக்கொண்டு வந்ததைச் சௌந்தரராஜன் கவனித்தார். யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அவர் பேசினால் அவள் இப்போதெல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கிறாள். கண் சிமிட்டுவது குறைந்திருக்கிறது. கரண்ட் போய் விளக்கணைந்தால் குட்டியை ரவிக்கைக்குள் வைத்துச் சூடு கொடுக்கிறாள். ஒரு மார்கழிக் காலையில் வாக்கிங் முடிந்து கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். போர்ட்டிகோ படியில் வெயில் விழுந்த இடத்தில் லலிதாம்பாள் உட்கார்ந்திருந்தாள். தோளில் குட்டி. இரண்டு முகமும் சூரியனை நோக்கி. இரண்டு வாயும் லேசாகத் திறந்திருந்தன.

“லலிதா,” என்றார். அவள் திரும்ப வெகுநேரமாயிற்று.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. பூச்சி போட்டு முடித்தவள் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நேரே வந்து அவருக்குச் சாதம் பிசைந்து போட்டாள். தலைப்பில் பொடியும், ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய காலும் அவர் கண்ணில் பட்டன. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

“இனிமே இந்தக் கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம். அதை அனுப்பிடு. அப்புறம் போடு, சாப்பிடறேன்.”

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு தெருமுனைக் கர்ரி பாயிண்ட்டில்தான். பருப்பும் கூட்டும் பாலிதீன் பொட்டலத்தில் வரும். தனியாகப் பிரித்துத் தனியாகச் சாப்பிடுவார்.

“கடைக்காரன் கேக்கறான், ‘மேடம் ஊள்ளோ லேரா சார்’னு, நீ ஊர்ல இல்லையான்னு. என்ன சொல்லட்டும்?”

“இருக்கான்னு சொல்லுங்கோ. பிள்ளை பெத்திருக்கான்னு சொல்லுங்கோ,” என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவர் பங்கைச் சமைத்துத் தட்டில் வைத்து, அந்தி சாயும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஆறிப்போன சாதத்தை எடுத்து வைக்கும்போது அவள் உதடு துடிப்பதை அவரும் பார்ப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கைச்சோறு சாப்பிட்டு வளர்ந்த உடம்பு அவருடையது. வாய் திறந்து கூப்பிட்டுவிடலாமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கூடத்திலிருந்து ‘கறுக்’ என்று கேட்கும். பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

வெங்கட்டுக்கு விஷயம் போய், அவன் போன் செய்தான். “அம்மா, என் ஃப்ரெண்ட் சந்தீப் வந்து எடுத்துண்டு போயிடுவான். உங்க ரெண்டு பேருக்கும் எதுக்குமா சண்டை?”

“அவன் என் கையாலன்னா சாப்பிடுவான்? வேற யார் போட்டாலும் பட்டினி கிடந்து செத்துப்போவான். ஒருதரம் அந்தப் பாவத்தைப் பண்ணிட்டேன், போறும்.”

“அப்பாவும் அப்படித்தானே?”

போன் இன்னும் காதில் இருக்க, லலிதாம்பாள் சோபாவிலிருந்த கணவர் பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்து, வெகுநேரம் பார்த்தாள்.

தை பிறந்ததும் சௌந்தரராஜனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. எழுந்தால் தலை சுற்றியது. கர்ரி பாயிண்ட்டுக்கு நடப்பதெங்கே, வாசல்வரை போக முடியவில்லை. டாக்டர் வந்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று சொல்லிப்போனார். மனைவி கொண்டுவந்த கஞ்சியை அவர் தொடவில்லை. தானே தட்டுத்தடுமாறிப் பிடித்துவந்த தண்ணீரை மட்டும் குடித்தார்.

“ஒரே ஒரு வாய்ன்னா. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்.”

“அது ஆத்தை விட்டுப் போகட்டும்.”

“சோப்புப் போட்டு அலம்பிண்டு, மடியா வந்திருக்கேன். மோந்து பாருங்கோ.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் விசும்பியழுவது கேட்டது. மறுநாள் உடம்பு இன்னும் துவண்டது. கண் உள்ளே போயிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கை வெடவெடத்தது. அந்த நடுக்கத்தை லலிதாம்பாள் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

குழைய வடித்த சாதத்தில் ரசத்தை விட்டுப் பிசைந்து, நெய்விட்டுக் கொண்டுவந்தாள். மிளகு வாசனை அறையை நிறைத்தது. இம்முறை அவள் கெஞ்சவில்லை, அழவில்லை, அவர் பேரைச் சொல்லவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு சின்னக் கவளத்தை இரண்டு விரலில் எடுத்து, தலையணைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். அதற்கப்புறம் அசையவில்லை.

எத்தனை நேரமோ. சௌந்தரராஜன் பொறுத்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு விடுகிற சத்தமே இல்லை. தாங்க முடியாமல் திரும்பினார். கவளத்தைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், எச்சில் ஊறிவிட்டது. கழுத்து நரம்பு புடைக்க, தலை தானாகத் தலையணையை விட்டு எழும்பியது. கண் கவளத்தைவிட்டு நகரவில்லை.

உதடு அதைத் தொடப்போகும் சமயத்தில், லலிதாம்பாள் கையை இன்னும் ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.