ஃபிதானா ஏற்றுக்கொண்ட பழி

வீட்டில் எது உடைந்தாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வது ஃபிதானாவின் பழக்கம். சண்டை சீக்கிரம் அடங்கும் என்பாள். ஸ்லிவென் நகரத்து ஆலையில் பதினோரு வருஷம் கம்பளி அலசியவள், பெரிய விஷயத்தில் பொய் சொல்லமாட்டாள் என்று எல்லோரும் அவளை நம்பினோம். நம்பியதுதான் வினையாயிற்று.

அவள் மூத்த மகன் யாங்கோவுக்கு மூன்றாம் மாதமே கண்ணின் கருமணி வெளுத்தது. அறுவை செய்தும் பாதிப் பார்வைதான். அதனால் இளையவள் ஸ்லாத்கா பிறந்ததுமே டாக்டரம்மா இரத்தம் சோதித்தார்.

"பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. அதுல பாஸ்பேட்டை ஒட்டிவிடுற நொதி உங்க பொண்ணுக்கு வேலை செய்யல. ஒட்டாத சர்க்கரை தேங்கிக் கண்ணைக் கெடுக்கும். யார் பாலும் குடுக்காதீங்க, கரைச்சுக் குடுக்கிற சோயா மாவு மட்டும்தான். இது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்த குறை."

கணவன் அசெனும் பக்கத்தில் நின்று கேட்டான்.

எங்கள் ரோமா இனத்தார் குடியிருப்பில் ஓர் ஆணின் இரத்தத்தில் குறை என்று பேச்சு கிளம்பினால், அவன் தங்கைகளைப் பெண் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள். அசெனுக்கு இரண்டு தங்கைகள். வீட்டுக்கு வந்ததும் ஃபிதானா எல்லோரிடமும் சொன்னாள்: "என் பால்தான் கெட்ட பாலாம்." அசென் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவள் குழந்தையை ஓரகத்தி ருபினாவிடம் விட்டுவிட்டு ஆலைக்குத் திரும்பினாள். ருபினாவுக்கும் கைக்குழந்தை இருந்தது.

அடுத்த பரிசோதனையில் ஸ்லாத்காவின் கண்ணிலும் மெல்லிய மங்கல்.

"சோயா தவிர ஏதோ உள்ள போகுது. உடனே நிறுத்தினா தெளியலாம்."

"சத்தியமா எதுவும் குடுக்கல டாக்டர்!"

வீடு வந்து ஃபிதானா கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பசியில் வீறிட்ட குழந்தையை ருபினா வாரியெடுத்து ரவிக்கையைத் தளர்த்தினாள்.

"அழாதடி. மாவைக் குடிச்சு எந்தப் பிள்ளை தேறும்? மூணு வாரமா நான்தான் குடுக்கறேன். என் பால் நல்ல பால்டி."

"ஐயோ அக்கா! யார் பாலும் ஆகாது!"

"உன் பால்தான் கெட்டதுன்னுதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்."

ருபினா வாசலில் நின்ற அசென் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணி." தங்கைகள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அசென் தலையைக் குனிந்துகொண்டான். "என் இரத்தமும்தான்."

"சொல்லியிருக்கலாமேடா பாவி. என் கையாலயே..." ருபினா ரவிக்கையை இழுத்து மூடினாள்.

ஃபிதானா மாவு கரைத்துப் புட்டியை நீட்டினாள். ஸ்லாத்கா அதைத் தள்ளிவிட்டு, ருபினாவின் மார்புப் பக்கமே முகத்தைத் திருப்பி அழுதாள்.