பதிமூன்றாம் நம்பர் ஷூ

போன வாரம் மனைவியோடு தி. நகர் போயிருந்தேன். அவளுக்கு பிளவுஸ் பிட் வாங்க வேண்டும், எனக்கு அவள் பையைத் தூக்க வேண்டும். வழியில் ஒரு மூன்று மாடி ஷூ கடை. ஏ.சி. காற்று வாசல் வரைக்கும் வந்து அழைத்ததால் உள்ளே நுழைந்துவிட்டோம். விற்பனைக்கு நின்ற பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆறடி ஐந்து அங்குலம் என்பதால் என்னை எல்லோரும் நிமிர்ந்துதான் பார்த்தாக வேண்டும். "சைஸ் சார்?" என்றாள். பதிமூன்று என்றேன், வழக்கமான கூச்சத்தோடு.

"பதிமூணா? இருக்கு சார். என்ன கலர்?"

கலராமே! என் பள்ளி நாட்களில் பாண்டி பஜார் கடைகளில் என் காலைப் பார்த்ததும் விற்பவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். "இன்னா நைனா இது, காலா கட்டுமரமா?" என்று ஒருவர் கேட்டதும் மொத்தக் கடையும் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. சென்னையில் அப்போது பதினொன்றுக்கு மேல் ஷூ கிடையாது. லஸ் முனையில் ஒருவர் டயர் வைத்துத் தைத்துக் கொடுத்த செருப்போடுதான் நான் வளர்ந்தேன்.

அந்தப் பெண் பெட்டியைத் திறந்தாள். புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. அதற்குப் பிறகு மனைவி சொன்ன எதுவும் எனக்கு ஏறவில்லை. வீடு வரும் வழியில் "என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றுகூடக் கேட்டாள். லூர்துவைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மந்தைவெளியில் எங்களுக்கு ஒரு பாஸ்கெட்பால் மைதானம் இருந்தது. மைதானம் என்றால் சிமெண்ட் தரை, இரண்டு கம்பம், கடற்காற்றில் துருப்பிடித்த இரண்டு வளையம், அவ்வளவுதான். மயிலாப்பூர் வங்கி ஒன்றில் வேலை பார்த்த ரமணன் சார் மாலையில் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு வந்து எங்களுக்கு ஆட்டம் சொல்லித் தருவார். நான் அங்கே வந்து சேர்ந்தபோது மூன்றாவது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டும் என்னைப் போதும் என்று அனுப்பிவிட்டன. ஒன்றில் நடுவரின் விசிலைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். இன்னொன்றில் என்ன செய்தேன் என்பதை விட்டுவிடலாம், அந்தப் பையனுக்கு இப்போது இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், நல்ல மனிதன். கோபம் எனக்கு எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. வந்த பிறகுதான் வந்தது தெரியும்.

அப்பாவுக்கு தி. நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். "ஏலே, அந்தப் பந்தா உனக்குச் சோறு போடும்? கடையில வந்து நில்லு. உன் ஒசரத்துக்கு மேல்தட்டுல இருக்க அண்டாவ ஏணி இல்லாம எடுக்கலாம்லா" என்பார். என் உயரத்துக்கு உலகத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே பயன் அதுதான். நானும் அண்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

லூர்து சாந்தோம் குப்பத்துப் பையன். என் வயது, என் உயரம், விதியின் வேடிக்கை, என் கால் அளவு. அவனுடைய அப்பா கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். வெறுங்காலோடு ஆடுவான். கோடையில் சிமெண்ட் கொதிக்கும்போது ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு நடுநடுவே காலை முக்கிக்கொள்வான். நானும் வெறுங்கால்தான், ஆனால் எனக்கு வாளி வைக்கத் தோன்றவில்லை, கத்தத்தான் தோன்றியது.

ஒரு நாள் ரமணன் சார் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவர் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. உள்ளே வெள்ளை ஷூ, பதிமூன்றாம் நம்பர். அதே வாசனை. "ரெண்டு பேருக்கும் ஒரே கால். யாருக்குன்னு குடுக்கறது? ஆத்துல கேட்டா, ஆளுக்கு ஒண்ணு குடுங்கோங்கறா" என்று சிரித்தார். அப்புறம் பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். "இது டீமோடது. சண்டை போடாம போட்டுண்டு ஆடுங்கோ."

போட்டியில் வெறுங்காலோடு இறங்க நடுவர் விடமாட்டார், அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. நான் ஆடினால் லூர்து பெஞ்சில். லூர்து இறங்க வேண்டும் என்றால் நான் ஏற வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக ஆடிய போட்டி ஒன்றுகூட இல்லை. ஆள் மாற்றும்போது நடுவர் அதிக நேரம் தரமாட்டார், விசில் வாயில் வைத்துக்கொண்டு முறைப்பார். லேஸை அவிழ்த்துக் கட்ட ஏது நேரம்? அதற்கு லூர்து ஒரு வழி வைத்திருந்தான். படகில் கயிறு கட்டுகிற ஒரு முடிச்சை லேஸில் போடுவான். ஒரு நுனியை இழுத்தால் இறுகும், மறு நுனியை இழுத்தால் மொத்தமும் தளர்ந்து கால் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அவன்தான் உட்கார்ந்து புதிதாகப் போட வேண்டும். எனக்கு அந்த முடிச்சு கடைசிவரை கைவரவில்லை. நான் போட்டால் சாதாரண முடிச்சுதான் விழும். "உனுக்குக் கையி கடையில அண்டா தூக்கறதுக்குதான் மச்சி" என்பான்.

ஓடிவந்து பெஞ்சில் விழுவேன். அவன் ஷூவை உருவுவான், தன் காலை நுழைப்பான், ஓடிவிடுவான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பந்தைவிட இதற்குத்தான் கைதட்டுவார்கள். என் வியர்வை ஊறிய ஷூவில் அவன் கால், அவன் வியர்வை ஊறியதில் என் கால். யாருக்கும் அருவருப்பு இல்லை. உள்ளே கால் வைக்கும்போது இதமாகச் சூடாக இருக்கும்.

யார் நன்றாக ஆடினோம் என்று கேட்டால் மைதானத்தில் எல்லோரும் என்னைத்தான் சொல்வார்கள். நான் எகிறுவேன், கத்துவேன், கண்ணில் படுவேன். ஆனால் எனக்குத் தெரியும், லூர்துதான் ஆட்டக்காரன். அவன் இறங்கினால் மற்ற நாலு பேரும் நன்றாக ஆடுவார்கள். நான் இறங்கினால் நான் மட்டும் ஆடுவேன்.

துபாயில் ஒரு கம்பெனி அணிக்கு உயரமான ஆள் தேடி வந்த மேலாளர் ஒருவர் எங்கள் போட்டியைப் பார்த்தார். முதல் பாதி நான், இரண்டாம் பாதி லூர்து. ஆட்டம் முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" என்பது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்காக அப்பா எனக்கு எடுத்து வைத்திருந்தார். லூர்துவிடம் ரேஷன் அட்டைதான் இருந்தது. என் உலகப் பயணம் அவ்வளவு சுலபமாக முடிவாயிற்று.

நான் கிளம்பும் முன் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஷூ. துவைத்து, சுண்ணாம்பு தடவி, முடிச்செல்லாம் புதிதாகப் போட்டிருந்தான்.

"எடுத்துனு போ மச்சி. மொத நாளே வெறுங்காலோட எறங்கினா மானம் போய்டும். அங்க புச்சு வாங்கிக்கினன்னா இத்த அனுப்பிடு. பொங்கலுக்கு அப்பால எனுக்கு டிரையல் கீது, தெரியுமில்ல."

தெரியும். ஒரு அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். அணிக்கு எடுத்தால் வேலை நிச்சயம். அவன் வீட்டில் அதைத்தான் நம்பி இருந்தார்கள். "கண்டிப்பா அனுப்பறேன்டா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

துபாயில் இறங்கிய மறுநாளே கம்பெனியில் இரண்டு ஜோடி புது ஷூ கொடுத்தார்கள். பழைய ஷூவைப் பையை விட்டு எடுக்கவே தேவை இல்லாமல் போயிற்று. அடுத்த வாரம் அனுப்பலாம் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வாரம் சக ஆட்டக்காரன் ஒருவனை அடித்துவிட்டேன், பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். சட்டையில் பெயர் இருந்தது, காலில் புது ஷூ இருந்தது, ஆட்டம்தான் இல்லை. இதை எழுதி அனுப்பவா என்று வெட்கம். இப்படித் தள்ளிக்கொண்டே போனேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் மெஸ்ஸில் சமைத்த தூத்துக்குடி அண்ணன் ஊருக்குக் கிளம்பினார். சென்னை வழியாகத்தான் போகிறார். கதவருகே நின்று கேட்டார்.

"தம்பி, ஊருக்கு எதுவும் குடுத்து விடணுமா?"

ஷூ என் காலுக்கடியில், கட்டிலுக்குக் கீழே, குனிந்தால் எடுக்கிற தூரத்தில் இருந்தது. "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

மறதி என்று சொன்னால் நம்புவீர்கள். மறக்கவில்லை. அந்த மேலாளர் அடுத்த சீசனுக்கு இன்னொரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். லூர்து டிரையலில் நன்றாக ஆடினால் பெயர் வெளியே வரும், பாஸ்போர்ட் எடுப்பான், இங்கே வருவான். வந்தால் நான் எவ்வளவு சாதாரணமானவன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதையெல்லாம் அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நினைத்தேனா, தெரியவில்லை. ஆனால் அண்ணன் படியிறங்கிப் போன பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லூர்து யாரிடமோ பதினொன்றாம் நம்பர் ஷூ இரவல் வாங்கி, முன்பக்கத்தை பிளேடால் கிழித்து, விரல்களை வெளியே விட்டுக்கொண்டு டிரையலில் ஆடினான் என்று ரமணன் சார் போனில் சொன்னார். பாதி ஆட்டத்தில் நகம் பெயர்ந்துவிட்டதாம். "எடுக்கலைடா. அவனே வந்து சொன்னான், பரவால்ல சார்னுட்டான்" என்றார். ஷூவைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நான் துபாயிலும் நிற்கவில்லை. மாலே, கொழும்பு, பாங்காக், மறுபடி மாலே, அப்புறம் பெயர் சொன்னால் நீங்கள் வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்கள். சீசனுக்கு ஒரு நாடு, சட்டையில் ஒரு புது நம்பர். எங்கும் நட்சத்திரம் ஆகவில்லை. எந்த அணியும் என்னை மறக்க முடியாமல் தவித்ததாகத் தகவல் இல்லை. முப்பது தாண்டியதும் முழங்கால் என் கோபத்தை அடக்கிவிட்டது, ரமணன் சாரால் முடியாததை அது செய்தது. எல்லா ஊருக்கும் அந்தப் பழைய ஷூ மட்டும் பையின் அடியில் கூடவே வந்தது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, அனுப்பவும் முகம் இல்லை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சாந்தோம் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். ஒருமுறை லஸ்ஸில் அவன் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து ஒரு கரும்புஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆறடி ஐந்து அங்குல ஆள் கரும்புஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஒளிவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டான்.

இப்போது கொட்டிவாக்கத்தில் வீடு, தேனாம்பேட்டையில் அலுவலக வேலை. கடையில் வாங்கிய புது ஷூவோடு வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியையும், ஒரு பையில் பழைய ஷூவையும் எடுத்துக்கொண்டு சாந்தோம் போனேன்.

லூர்து வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது, முதுகு அப்படியே நேராக இருந்தது. "டேய், வாடா! இன்னாடா இவ்ளோ நாளு?" என்று கட்டிப்பிடித்தான். மனைவியைக் கூப்பிட்டு, "நான் சொல்வேனே, ஒரே ஷூவுல ரெண்டு பேரு, அந்த ஆளு" என்றான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே டீ போடப் போனார். இத்தனை வருடம் நான் எதற்கு ஒளிந்தேன் என்று தோன்றிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் பையைத் திறந்தேன்.

"உன் ஷூடா. கொண்டாந்துட்டேன்."

எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அடிப்பாகம் உளுத்துப் போயிருந்தது, தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்து அவன் லுங்கியில் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போட்ட முடிச்சு, போட்டபடியே இருந்தது.

"இத்த நீ போடவே இல்லியா?"

டீ வருகிறதா என்று நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"ஒரு வாட்டிகூட?"

"இல்லடா. மறுநாளே புதுசு குடுத்துட்டாங்க."

கொஞ்ச நேரம் முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். "நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னா, அங்க உனுக்கு ஷூ கெடைக்கல போல, இத்தயே போட்டு ஆடிக்கினு கீறன்னு நெனச்சேன். டிரையல்ல கால்ல ரத்தம் வர்சொல்லகூட அதான் நெனப்பு. சரி, அவனாவது ஆடட்டும்னு." நிறுத்தினான். "அனுப்பிருக்கலாம்டா."

கோபமே இல்லை அந்தக் குரலில். நான் பட்ட அடிகளில் இதுதான் பெரியது. அவனிடம் இத்தனை வருடமாக இருந்த ஒரே ஆறுதலையும் அன்று நானே பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பிடுங்கிவிட்டு வந்தேன். சும்மா இருந்திருக்கலாம். டீ வந்தது, குடித்தோம். புதுப் பெட்டியை நீட்டினேன். "எனுக்கு இன்னாத்துக்குடா? வண்டி ஓட்ட செருப்பு போதும். நீ போட்டுக்க" என்று திருப்பிக் கொடுத்தான். பழையதை மட்டும் அவனே வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது மந்தைவெளி வழியாக வந்தேன். மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு, கம்பம் நின்ற இடத்தில் கார்கள். ரமணன் சார் போய்ப் பல வருடம் ஆகிறது. சென்னையில் இப்போது எந்தக் காலுக்கும் ஷூ கிடைக்கிறது, யாரும் யாருக்காகவும் கழற்றித் தர வேண்டியதில்லை.

காலையில் அந்தப் புது ஷூவைப் போட்டுக்கொண்டு கொட்டிவாக்கம் கடற்கரையில் நடக்கிறேன். நல்ல ஷூ, அளவாக இருக்கிறது. கால் நுழைக்கும்போது மட்டும் உள்ளே சில்லென்று இருக்கிறது.