மேரியம்மாவின் காலைக் கேள்வி

"காத்து பிரிஞ்சுதா?"

ஆண்கள் அறுவை வார்டின் வாசலில் கால் வைக்கும்போதே அந்தோணிமேரி கேட்டுவிடுவார். கடைசிக் கட்டில்வரை போகும் குரல் அது. வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு கிடப்பவர்கள் ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும். "பிரிஞ்சுது நர்சம்மா" என்று ஒருவர் சொல்லிவிட்டால், பரீட்சையில் தேறியவனைப் போல அவரை வார்டே கொண்டாடும். பின்னே என்ன, குடல் விழித்துக்கொண்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் உண்டா? அதற்கப்புறம்தான் வாயில் ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர். அதுவரை தாகமென்று அழுதாலும் ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பதோடு சரி.

மேரியம்மா ஆள் குள்ளம், வேகம் ஜாஸ்தி. நோயாளியைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிச் சில வருஷமாகியும் அவர் வாயிலிருந்து அவன் பேச்சு முழுசாக இறங்கவில்லை. ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, மெல்ல மெல்ல என்பதற்குத் "துஸ்மான், துஸ்மான்" என்றுதான் வரும். "மல்லாந்தே கெடந்தா முதுகு புண்ணாவும், மாருல சளி கட்டும். இருமு. தையலு பிச்சிக்காது, நான் புடிச்சிருக்கேன்" என்று வயிற்றின்மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

அவருக்கு ஆகாதது ஒன்றுதான், பாத்திரச் சத்தம். கிண்ணம் கிண்ணத்தோடு இடித்துவிட்டால் போச்சு. "நோவுல கெடக்கறவன் காதுல சுத்தியால அடிக்காதடி" என்று பிடித்துக்கொள்வார். பயிற்சிக்கு வந்த பெண்கள் எனாமல் தட்டைத் தூக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்கள். மேரியம்மா கையிலிருந்து ஒரு கரண்டி விழுந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் நெல் அறுப்பு சமயத்தில், பாகூர்ப் பக்கத்துத் தெய்வசிகாமணி குடல் முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மீசையும் தோள் துண்டுமாக நடமாடிய மனிதர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகனுக்கோ களத்தைவிட்டு நகர முடியாது. ஆகவே துணைக்கு வந்தவள் புதுசாகக் கல்யாணமாகி வந்த மருமகள் கொளஞ்சி. கட்டிலின் கால்மாட்டில் விசிறியோடு நின்றால் நின்றதுதான். மாமனார் எதிரில் உட்காரமாட்டாள். அவரும் துண்டு இல்லாமல் அவள் கண்ணில் பட்டதே இல்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, வழக்கம்போல மேரியம்மா கேட்டார்.

"காத்து பிரிஞ்சுதா பெரியவரே?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் தேங்காய்த்திட்டு முருகையன், வலை இழுக்கிற ஆள், சும்மா இருப்பானா? "பெரியவரு சேத்து வெச்சிருக்காரு நர்சம்மா, மொத்தமா வுடுவாரு" என்றான். வார்டு சிரித்தது. கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. வயிறு தவில் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. டாக்டர் தட்டிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள எறங்கலேன்னா மறுபடி தொறந்து பாத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வயசில் இரண்டாம் தடவை மேசைக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று மேரியம்மாவுக்குத் தெரியும்.

கையைத் தேய்த்துச் சூடாக்கி, காதுக்குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டார். உள்ளே கடமுடவென்று உருண்டுகொண்டிருந்தது. குடல் எப்போதோ விழித்தாயிற்று. மனுஷன் அடக்கிக்கொண்டு கிடக்கிறார்!

"அடக்காதீங்கய்யா, உசுரு போயிடும்" என்றார், காதோடு காதாக.

"மருமவ நிக்குதும்மா" என்றார் பெரியவர், உதடு அசையாமல். "எல்லாரும் காத வேற தீட்டிக்கிட்டு கெடக்கறானுவ. செத்தாலும் சரி."

மேரியம்மாவுக்குச் சுருக்கென்றது. அத்தனை பேருக்கும் விளையாட்டாகப் போன கேள்வி, இவருக்குப் பூட்டாகிவிட்டதே. கட்டிலைச் சுற்றி மறைப்புத் தட்டி வைக்கலாமென்றால் வார்டு இன்னும் கூர்ந்து கேட்கும். கொளஞ்சியை அனுப்பப் பார்த்தார். "கீழ போயி செத்த நேரம் காத்தாட நின்னுட்டு வாயேன்மா."

"மாமாவ வுட்டு ஒரு அடி நவுரக்கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காருங்க" என்றாள் அந்தப் பெண். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பாவம், அவளை என்ன சொல்வது?

மத்தியானம் மேரியம்மா பெரியவரை "துஸ்மான், துஸ்மான்" என்று இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முழங்காலை மடக்கிவிட்டார். வெந்நீரில் துணி பிழிந்து வயிற்றில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கை படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடித்தது. கண் மட்டும் மேரியம்மாவைத் தேடி வந்து, கெஞ்சியது.

மேரியம்மா பக்கத்து மேசையிலிருந்த பெரிய எனாமல் தட்டைத் தூக்கினார். கிண்ணம், கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றோடும் அதைச் சிமெண்டுத் தரையில் போட்டார்.

வார்டே அதிர்ந்தது. முருகையன் எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தான். எல்லோரும் தரையைத்தான் பார்த்தார்கள்.

"கை வழுக்கிடுச்சி" என்றார் மேரியம்மா. பொறுக்க ஓடிவந்த கொளஞ்சியை, "நீ நில்லும்மா, கத்தரி குத்திடும்" என்று தடுத்துவிட்டுத் தாமே குந்தினார். கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டு எழுந்து, பெரியவர் முகத்தைப் பார்த்தார். பாதி தெளிந்திருந்தது. பாதி இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

மேரியம்மா தட்டை மறுபடியும் கீழே போட்டார்.